ஓடனா, டுராண்டா? 2007-இல் முதலில் யாரை எடுத்திருக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் 2007 டிராஃப்ட்டில் (அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்வு) போர்ட்லேண்ட் அணி கெவின் டுராண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனை முதலில் எடுத்தது. பின்னால் ஓடன் முழங்கால் காயங்களால் அதிகம் ஆட முடியாமல் போனதும், டுராண்ட் பெரிய நட்சத்திரமானதும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரை எடுத்திருக்க வேண்டும்?

டுராண்டை. அன்றைய தகவலை மட்டும் வைத்தே சொல்கிறேன், ஓடனின் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இந்த வாதத்துக்குத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஓடன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த 2006-07 சீசனில் நான் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன், ஓடன் எங்கள் பல்கலைக்கழக அணியின் சென்டர், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஆள். ஏழடி உயரம். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் சீசனின் முதல் சில ஆட்டங்களில் இறங்கவில்லை, டிசம்பரில் வந்தபோதும் அந்தக் கை முழுசாகச் சரியாகவில்லை. அதனால் ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்காகத் தடுப்பாரில்லாமல் போடும் ஷாட்) இடது கையால் போடுவார். மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: அவ்வளவு பெரிய உடம்பு கோட்டில் வந்து நின்று, பழகாத கையால் பந்தைத் தூக்கி, அவசரமே இல்லாமல் விடும், அதுவும் பாதிக்கு மேல் உள்ளே போகும். ஒரு கையோடு இப்படி ஆடுகிறவர் இரண்டு கையும் சரியானால் எப்படி ஆடுவார் என்றுதான் ஊரே பேசியது. டென்னசிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் 20 புள்ளி வரை பின்தங்கி, மீண்டு வந்து, ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது கடைசி ஷாட்டை அவர் தட்டிவிட்டாரே, அதைப் பார்த்தவர்கள் யாரும் வேறு ஆளை முதலில் எடுப்பதைப் பற்றி நினைத்தே பார்க்க முடியாது.

இது வெறும் ஊர்ப்பாசம் இல்லை. 1999 முதல் 2007 வரை என்பிஏ பட்டம் வென்ற ஒன்பது அணிகளைப் பாருங்கள், 2004-இல் வென்ற டெட்ராய்ட் தவிர மற்ற எட்டிலும் ஷகீல் ஓ'நீலோ டிம் டங்கனோ இருந்தார்கள், ஆளுக்கு நான்கு. பெரிய ஆள் இருந்தால் பட்டம், இல்லையென்றால் இல்லை, இதுதான் அன்றைய கணக்கு. டங்கனுக்குப் பிறகு அப்படி ஒரு சென்டர் இப்போதுதான் வருகிறார் என்று எல்லாரும் சொன்னபோது அதற்குப் பின்னால் இந்த எட்டுப் பட்டங்கள் இருந்தன.

என் அறைத்தோழன் மதுரைக்காரன், டெக்சஸ் பல்கலைக்கழக ஆட்டம் ஒன்றையும் விடமாட்டான், அங்கே ஆடிய டுராண்டுக்காகவே. நான் இந்தக் கணக்கை எடுத்து வைத்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "மச்சி, அதெல்லாம் சரி, கடைசி ரெண்டு நிமிஷத்துல பந்து யார் கைக்குப் போகும்?"

அதற்குப் பதில் ஏப்ரல் 2-ஆம் தேதி அட்லாண்டாவில் கிடைத்தது. ஃப்ளோரிடாவுக்கு எதிராக, தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரில் ஆல் ஹார்ஃபோர்ட், ஜோக்கிம் நோவா என்று என்பிஏ தரத்தில் இரண்டு பெரிய ஆட்கள், மாற்றி மாற்றி இறங்கி இடித்தார்கள். ஓடன் 25 புள்ளி, 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 4 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). ஒரு சென்டர் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? 84-75 என்று தோற்றோம். எங்கள் ஆட்கள் வெளியிலிருந்து போட்டதெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது, அவர்கள் போட்டதெல்லாம் விழுந்தது. ஓடன் உள்ளே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பந்தை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லாமல் கார்டுகள் (பந்தைக் கொண்டுவரும் வெளி ஆட்டக்காரர்கள்) வெளியே தட்டிக்கொண்டே நிற்கிறார்கள், கடிகாரம் ஓடுகிறது. சென்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இன்னொருவர் பந்து கொடுத்தால்தான் அவர் ஆட முடியும் என்பதை அன்றைக்குத்தான் வயிற்றெரிச்சலோடு புரிந்துகொண்டேன்.

டுராண்டுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. முதல் வருட மாணவராக சராசரி 25.8 புள்ளி, 11.1 ரீபவுண்ட், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதுகளை வென்ற முதல் முதலாண்டு மாணவர் அவர்தான். டெக்சஸ் டெக்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 37 புள்ளியும் 23 ரீபவுண்டும். கன்சாஸுக்கு எதிராக, டெக்சஸ் அப்போது ஆடிய பிக் 12 பிரிவின் இறுதி ஆட்டத்தில் இன்னொரு 37. எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் ஷாட் போடும் விதம். காகிதத்தில் 6 அடி 9 அங்குலம், நேரில் பார்த்தால் அதைவிட உயரம், கை அதைவிட நீளம். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும் இடம் எதிராளியின் விரல் எட்டாத உயரத்தில் இருக்கும். அவருக்கு இடைவெளியே வேண்டாம். பந்தைத் தானே கொண்டுவருவார், தானே நின்று போடுவார்.

அவருக்கு எதிராகச் சொன்னது என்ன தெரியுமா? டிராஃப்ட்டுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்ட், அதாவது சுமார் 84 கிலோ எடையை பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை என்பது. அப்புறம், தேசியப் போட்டியில் டெக்சஸ் இரண்டாவது சுற்றிலேயே யுஎஸ்சி என்ற பல்கலைக்கழக அணியிடம் தோற்றது என்பது, அந்த ஆட்டத்திலும் அவர் 30 போட்டிருந்தார். பதினெட்டு வயதுப் பையனுக்கு உடம்பு பின்னால் ஏறும், அந்த ஷாட்டை யாரும் பின்னால் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் அப்போதே தெரிந்துகொண்டுதான் இருந்தது. வெளியே பந்து வைத்திருப்பவர் மேல் கை வைத்துத் தடுப்பதை 2004-இல் லீக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அடுத்த இரண்டு வருடமும் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஸ்டீவ் நாஷ் என்ற கார்டு, மூன்றாவது வருடம், அதாவது டிராஃப்ட்டுக்கு ஒரு மாதம் முன்னால், டிர்க் நோவிட்ஸ்கி. ஏழடி உயரம், வெளியிலிருந்து ஷாட் போடுகிறவர்! டுராண்ட் எப்படிப்பட்ட ஆட்டக்காரராக வரலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் யார் வேண்டும்?

சரி, போர்ட்லேண்ட் ஏன் இதைப் பார்க்கவில்லை? 5.3 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு, முதல் தேர்வு யாருக்கு என்று குலுக்கிப் போடும் லாட்டரியில் முதல் இடத்தைப் பிடித்தார்கள். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் பிராண்டன் ராய் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தார், லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் இருந்தார். காலியாக இருந்தது சென்டர் இடம், அதற்கு ஓடன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1984-இலும் இதே அணி இதையேதான் செய்தது: கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறார், இன்னொரு கார்டு எதற்கு என்று மைக்கேல் ஜோர்டனை விட்டு சென்டர் சாம் பூவியை எடுத்தார்கள். பூவியையும் ஓடனையும் ஒரே தட்டில் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, பூவி கால் எலும்பு முறிவால் கல்லூரியிலேயே இரண்டு சீசன் உட்கார்ந்தவர், ஓடன் அப்படி இல்லை. இரண்டு தடவையும் ஒன்றாக இருந்தது யோசனைதான். காலி இடத்தைப் பார்த்து ஆள் எடுத்தார்கள். காலி இடத்தை வேறு அணியோடு ஆள் மாற்றி நிரப்பிக்கொள்ளலாம், முதல் தேர்வு எப்போதாவதுதான் வரும்.

முழங்காலைப் பற்றி இப்போது ஒன்று. 2007 செப்டம்பரில் ஓடனுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை, முதல் சீசன் முழுதும் போனது. 2009-10-இல் 21 ஆட்டம், சராசரி 11.1 புள்ளி, 8.5 ரீபவுண்ட், போட்ட ஷாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் உள்ளே, டிசம்பர் 5-ஆம் தேதி ஹூஸ்டனுக்கு எதிராகத் தாவும்போது இடது முழங்கால் சில்லு உடைந்தது. போர்ட்லேண்டுக்கு மொத்தம் 82 ஆட்டம், பிறகு மயாமியில் 23, அவ்வளவுதான். அவரை ஏமாற்றம் என்று பட்டியல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த 21 ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். பின்னால் அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப்போய் 2019-இல் பட்டம் வாங்கினார், அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஒன்று மட்டும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஆல்ட்ரிட்ஜும் டெக்சஸில் படித்தவர். 2006-இல் அவர் கிளம்பினார், அதே வருடம் டுராண்ட் உள்ளே வந்தார், ஒரு வருட இடைவெளியில் சேர்ந்து ஆடாமல் போனார்கள். போர்ட்லேண்டில் சேர்ந்திருந்தால், ராயின் முழங்கால்கள் ஒத்துழைத்த அந்த மூன்று சீசனாவது மூன்று பேரும் ஒரே அணியில் ஆடியிருப்பார்கள்.