முதல் ஓட்டுநர் உரிமம்: பெங்களூரு வாசகர் கேள்விகளும் பதில்களும்

அல்சூர் வாசகி: மகளுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. காருக்கு இப்போதே எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்துவிடலாமா?

வயது நிறைந்த பிறகே எடுக்க முடியும். 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வண்டிக்கு மட்டும். அதற்கும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

விவேக்நகர் வாசகர்: மகன் எல்.எல்.ஆர். எடுத்து ஏழு மாதம் ஆகிறது. எட்டு போட எப்போது போகலாம்?

போக முடியாது. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். முடியும் தேதி அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஒரு முறை படித்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. புதிதாக எடுத்து, 30 நாள் பழகிய பிறகு தேர்வுக்குப் போகட்டும். புது எல்.எல்.ஆர். கைக்கு வரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

ஸ்ரீராமபுரம் வாசகர்: டிரைவிங் ஸ்கூலில் மகளுக்குக் கார் வகுப்பு 15 முடிந்துவிட்டது. இனித் தேர்வுக்குப் போகலாம் என்கிறார்கள். இது போதுமா?

போதாது. சொந்த உபயோக வண்டிக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அரை மணி வீதம் 15 வகுப்பு என்றால் ஏழரை மணி நேரம். சிக்னலில் நின்றதையும் அடுத்த மாணவரை ஏற்றப் போனதையும் கழித்தால் ஐந்து மணி தேறுவதே கடினம்.

அதைவிடக் கவலை தருவது டபுள் கண்ட்ரோல், அதாவது பயிற்சியாளர் பக்கத்திலும் இருக்கும் கிளட்சும் பிரேக்கும். என் மகள் வகுப்பு முடித்த வாரம், எங்கள் தெரு மேட்டில் காரை நிறுத்தி எடுக்கச் சொன்னேன். மூன்று முறை இன்ஜின் அணைந்தது. நான்காம் முறை கார் பின்னால் நழுவ, ஹேண்ட் பிரேக்கை நான்தான் இழுத்தேன். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதே அவள் இடது காலுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பதினைந்து நாளும் அதை மிதித்தது பயிற்சியாளரின் கால். பணம் கட்டிய பெற்றோர் ஒரு நாளாவது பின் இருக்கையில் உட்கார்ந்து, அவர் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேட்டில் எடுப்பதும் ரிவர்ஸ் போவதும் பிள்ளைக்குத் தானாக வரும்வரை தேர்வுத் தேதி வாங்காதீர்கள்.

கே.ஆர்.புரம் வாசகி: எல்.எல்.ஆர். வைத்திருக்கும் மகன் ஸ்கூட்டரில் தங்கையைப் பள்ளியில் விடலாமா?

கூடாது. பின்னால் உட்காரத் தகுதியுள்ளவர் கற்றுக்கொடுப்பவர் மட்டுமே. காரிலும் உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்தும் வேண்டும்.

ஜெயநகர் வாசகர்: மகனுக்கு 17. டியூஷன் இரண்டு கிலோமீட்டர்தான், என் பைக்கைக் கொடுக்கலாமா?

எத்தனையோ முறை எழுதியாயிற்று. மறுபடியும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி உங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். மகனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது. டியூஷனுக்கு பி.எம்.டி.சி. பஸ்ஸில் அனுப்புங்கள்.