ஸ்டீரியோவைச் சோதிக்க எந்தப் பாட்டு? – கேள்வி பதில்

கேள்வி: புது ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன். கடைக்கு எந்தப் பாட்டை எடுத்துப் போகட்டும்?

பதில்: உங்களுக்கு மனப்பாடமானதை. கடைக்காரர் போடும் பாட்டில் எந்த ஸ்பீக்கரும் ஜோராகத்தான் இருக்கும்; அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார்! ஒரு பதிவாவது நீங்கள் மைக் இல்லாமல் நேரில் கேட்ட வாத்தியமாக இருக்கட்டும். சிந்தசைசர் சத்தம் உண்மையில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டு வீணை எப்படி இருக்கும் என்று தெரியும்.

கேள்வி: பேஸ் (அடித்தொனி) பார்க்கக் குத்துப்பாட்டு போதுமா?

பதில்: அதிர்கிறதா என்று பார்க்கப் போதும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு மிருதங்கம்தான். நன்றாகப் பதிவான தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, தொப்பிப் பக்கத்தை, அதாவது கனமாக ஒலிக்கும் இடது பக்கத்தை மட்டும் கவனியுங்கள். அங்கே கும்கி, அதாவது கையை அழுத்தி வழுக்கும் அடி, விழும்போது நாதம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். நல்ல ஸ்பீக்கரில் அந்த வழுக்கல் முழுசாகக் கேட்கும். ஒரே சுருதியில் மட்டும் உப்பிப் பேசும் ஸ்பீக்கரில் எல்லா அடியும் 'தொம் தொம்' என்று ஒன்றுபோல விழும். தப்பு ஸ்பீக்கருடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. மூலையில் தள்ளி வைத்திருந்தால் சுவரும் சேர்ந்து முழங்கும், ஒரு முழம் முன்னால் இழுத்துப் பாருங்கள். அப்புறம் வலந்தலை, அதாவது வலது பக்கம்: அதன் கணீர் காதைக் குத்தினால் ட்ரெபிள் (மேல்தொனி) அதிகம்.

கேள்வி: பாடுபவர் குரல் நடுவில் நிற்கவில்லை, எங்கேயோ பரவிக் கிடக்கிறது. பேஸும் காணோம். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விட்டதா?

பதில்: முதலில் ஒயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். நானே இரண்டு வாரம் ஆம்பைத் திட்டிவிட்டு இதைக் கண்டுபிடித்தேன். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள், 1950களின் கச்சேரி எதுவானாலும் சரி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவிலிருந்து அது வர வேண்டும்.

கேள்வி: குரலுக்கு ஒரு பதிவு?

பதில்: சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்', 1987. பக்கவாத்தியமே இல்லாத தனிக்குரல், ஒளிந்துகொள்ள இடமில்லை. எம்பி3யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் தன் வேலையைச் சோதித்ததே இதை வைத்துத்தான்.

கேள்வி: பீரங்கி வெடிக்கும் சைகோவ்ஸ்கியின் '1812' இசையை, டெலார்க் நிறுவனம் வெளியிட்ட பதிவில், போடலாமா?

பதில்: அதன் உறையிலேயே ஸ்பீக்கர் ஜாக்கிரதை என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். போடலாம், வால்யூமைக் குறைத்து. ஆரம்பம் மெதுவாக இருக்கிறதே என்று ஏற்றிவிட்டு டீ போடப் போகாதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் ஜெயிக்கிறது.

பதில்: அது கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதோ என்னவோ. துளி சத்தம் கூடினாலும் காதுக்கு அது 'தெளிவு' என்றுதான் படும். வால்யூமைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வருகிறவர்களை அசத்த ஒன்று சொல்லுங்கள்.

பதில்: 'எ மீட்டிங் பை தி ரிவர்' ஆல்பம். விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் (கிட்டாரை மாற்றியமைத்த வாத்தியம்) ரை கூடரின் கிட்டாரும். இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஒரு சிற்றாலயத்துக்குள் பதிவு செய்தது. 1994இல் கிராமி வாங்கியது. வாசிக்க உட்காருவதற்குச் சற்று முன்புதான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்களாம். ஒரே இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு மைக்கில் பிடித்ததால், கண்ணை மூடினால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். ஆலயத்தின் காற்றுகூடக் கேட்கும்.

ஆனால் ஒன்று போதும். அடுத்தது அவர்கள் கேட்கும் பாட்டைப் போடுங்கள், அது வாட்ஸ்அப்பில் வந்த கரகரப்பாக இருந்தாலும்.