தம்பியும் மாட்டிக்கொள்வானோ என்று பயப்படும் ஸ்ரீராமபுரம் சகோதரிக்கு

சந்து முனையில் பசங்க பட்டப்பகலில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள், 19 வயதுத் தம்பியும் அதில் சேர்ந்துவிட்டான், போலீஸில் சொன்னால் அவனும் சிக்குவானோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தம்பியைப் பாருங்கள் சகோதரி, சந்து அப்புறம்.

வீட்டில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடுவான் என்று அம்மா சொல்கிறார்களாம். தயவுசெய்து வேண்டாம். டபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் அபின் வகையைப் போல வேலை செய்பவை. திடீரென நிறுத்தினால் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று ஆளை வாட்டி எடுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சில நாள் நிறுத்தியபின் பழைய அளவையே மறுபடி போடுவது. தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் மூச்சே நின்றுபோகலாம். உதடு நீலமாகி மூச்சு மந்தமானால் உடனே 108.

பெங்களூரு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிப்போங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் கேளுங்கள். அடித்துத் திருத்தும் தனியார் மையங்கள் பக்கமே போகாதீர்கள்.

போலீஸ் பயம் நியாயமானதுதான். ஆனால் பயன்படுத்தியதற்காக வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவருக்கு என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. விற்பவர்களைப் பற்றி 1933 என்ற போதைப்பொருள் தடுப்பு உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை விற்கும் மெடிக்கல் ஷாப் தெரிந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள்.

போகும்போது காலி மாத்திரை அட்டை கிடைத்தால் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும்.