நோட்டை நிறுத்துவதும் வாசிப்புதான்: பேஸ் கிடார் கேள்வி–பதில்

கேள்வி: என் நான்கு கம்பி பேஸில் இருந்த 45–105 கம்பிச் செட்டை (எண்கள் கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எடுத்துவிட்டு, விரலுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று 40–95 போட்டேன். அன்றிலிருந்து தடித்த கம்பி முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கரகரக்கிறது. பிரிட்ஜில் சாடிலை, அதாவது கம்பியைத் தாங்கும் சிறு துண்டை, உயர்த்தினேன். கரகரப்பு குறைந்தது, ஆனால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தவே முடியவில்லை. எங்கே தவறு?

பதில்: சாடிலைத் தொட்டதுதான் தவறு. சிக்கல் நெக்கில், அதாவது கருவியின் கழுத்தில், இருக்கிறது. கம்பிகள் நெக்கை முன்பக்கம் இழுக்கின்றன. உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு பின்பக்கம் இழுத்து அதைச் சமன் செய்கிறது. நீங்கள் மெல்லிய கம்பி போட்டதும் முன்பக்க இழுவிசை குறைந்துவிட்டது. ராட் மட்டும் பழைய பலத்தோடு இழுக்க, நெக் நேராகிவிட்டது அல்லது லேசாகப் பின்னுக்கு வளைந்துவிட்டது. கீழ் ஃப்ரெட்டுகளில் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். 12க்கு மேலே மட்டும் என்றால் சாடில் உயரத்தைப் பாருங்கள். அழுத்தாத கம்பி மட்டும் கரகரத்தால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு பட்டை) பள்ளம் தேய்ந்திருக்கும். ஒரே ஒரு இடத்தில் என்றால் அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கும். அதைக் கைதேர்ந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் சரியாக ட்யூன் செய்யுங்கள். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழு–எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி போதும். இடைவெளியே இல்லையென்றால் டிரஸ் ராடைத் திருகும் நட்டை இடப்பக்கம், அதாவது தளர்த்தும் திசையில், கால் சுற்று திருப்புங்கள். மறுபடி ட்யூன், மறுபடி அளவு. கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். சாவி நட்டில் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது திருப்பவே முரண்டு பிடிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் சாடில் உயரம். 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2 முதல் 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.5 முதல் 2 மி.மீ. கடைசியில் இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது: 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட் ஏறி நின்றால் சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கி நின்றால் முன்னுக்கு. வரிசையை மாற்றாதீர்கள். நெக் மாறினால் உயரம் மாறும், உயரம் மாறினால் இன்டொனேஷன் மாறும்.

கேள்வி: பேஸ் கற்றுத் தருகிறேன். ஒரு மாணவர் நோட் தவறுவதில்லை, தாளத்திலும் பெரிய பிசகு இல்லை. ஆனாலும் டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது எல்லாம் கொழகொழவென்று கேட்கிறது. எதைத் திருத்துவது?

பதில்: அவர் நோட்டைச் சரியாகத் தொடங்குகிறார், முடிப்பதில்லை. பாடம் எடுப்பவர்களில் பலர் "எந்த நோட்?" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். "எவ்வளவு நேரம்?" என்று கேட்பதில்லை. பேஸில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். முதல் அடியில் ஒரு நோட்டைத் தட்டச் சொல்லுங்கள். இரண்டாவது 'டிக்' கேட்கும் அதே கணத்தில் ஒலி அடங்க வேண்டும். மூன்றில் மறுபடி தட்டி, நான்கில் நிறுத்த வேண்டும். இரண்டும் நான்கும் டிரம்ஸில் ஸ்னேர் விழும் இடங்கள். அங்கே பேஸ் மௌனமானால் ஸ்னேர் பளிச்சென்று கேட்கும். மாணவருக்கே வித்தியாசம் புரிந்துவிடும். இது பிடிபட்டதும் அரை அடி ஒலி, அரை அடி மௌனம் என்று சுருக்குங்கள். ஐந்து நிமிடம் போதும், ஆனால் பதிவு செய்து கேட்க வேண்டும். வாசிக்கும்போது யாருக்கும் தன் நோட்டின் வால் கேட்பதில்லை.

நிறுத்தும் முறையும் முக்கியம். இடக்கை விரலைக் கம்பியிலிருந்து முழுக்கத் தூக்கினால் திறந்த கம்பி ஒலித்துவிடும். அழுத்தத்தை மட்டும் விட்டு, விரல் கம்பியைத் தொட்டபடி இருக்கட்டும். 5, 7, 12ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நேரே ஒரே விரல் தொட்டால் ஹார்மோனிக் கிளம்பும். அங்கே இரண்டு விரலாவது படிய வேண்டும். வலக்கையில், தட்டிய விரல் அடுத்த தடித்த கம்பியில் போய்ச் சாயட்டும். கட்டைவிரலும் பிக்கப்பிலேயே (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) குந்தியிராமல், மெல்லிய கம்பிகளுக்குப் போகும்போது தடித்த கம்பிகளின் மேல் நகர்ந்து படியட்டும். கொழகொழப்பில் ஒரு பங்கு, யாரும் தொடாமலே அதிரும் அந்தத் தடித்த கம்பிகளிலிருந்து வருவது.

கேள்வி: வீட்டில் அருமையாகக் கேட்கும் டோன் மேடையில் காணாமல் போகிறது. ஒலியைக் கூட்டினால் கும்மென்று அடிக்கிறது, நோட் தெரியவில்லை.

பதில்: தனியாக வாசிக்கும்போது லோவையும் (அடி ஒலி) ஹையையும் (உச்ச ஒலி) ஏற்றி மிட்டை (நடு ஒலி) குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும். குழுவில் லோவைக் கிக் டிரம்மும் ஹையைச் சிம்பலும் எடுத்துக்கொள்கின்றன. நோட்டை அடையாளம் காட்டுவது 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட். அதைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். ஈக்யூவை, அதாவது இந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகிகளை, நடுவில் வைத்துத் தொடங்கி, 700–800 பக்கம் சற்று ஏற்றுங்கள். கலங்கலாக இருந்தால் 200–250இல் குறையுங்கள்.

ஆம்பை மூலையில் வைக்காதீர்கள். சுவரும் மூலையும் லோவைப் பெருக்கும். திறந்த ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 8 மீட்டர். அறைக்கேற்ப அது ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் மறையும். அதனால் ஓரடி நகர்ந்து நின்று கேளுங்கள். ஆம்பைத் தரையிலிருந்து உயர்த்தி உங்கள் காதை நோக்கி வையுங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது. டி.ஐ. சிக்னலை (அரங்கத்து ஒலியமைப்புக்கு நேரடியாகப் போகும் சிக்னல்) ஈக்யூவுக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தால், மேடையில் நீங்கள் என்ன திருப்பினாலும் அரங்கத்து ஒலி கெடாது.

கேள்வி: வேறொருவருக்குப் பதிலாக வாசிக்க அழைத்திருக்கிறார்கள். நான்கு நாளில் 25 பாட்டு. எப்படித் தயாராவது?

பதில்: கருவியை எடுக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பாட்டுகளின் வரிசை, பாடகர் பாடும் சுருதி, எந்தப் பதிவின் வடிவம். சுருதியைக் கேட்காமல் பதிவை வைத்துப் படித்துவிட்டு, மேடையில் அரை ஸ்வரம் இறக்கிப் பாடுகிறார்கள் என்று அறிவதுதான் பெரிய சங்கடம்.

முதல் நாள் வாசிக்கவே வேண்டாம். பாட்டுக்கு ஒரு தாள் எடுத்து, எந்தப் பகுதி எத்தனை பார் (தாளச் சுற்று) என்று மட்டும் எழுதுங்கள். கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) 1, 4, 5 என எண்ணில் குறித்தால் சுருதி மாறினாலும் தாள் மாறாது. தொடக்கம், எல்லோரும் சேர்ந்து நிற்கும் இடங்கள், முடிவு மூன்றையும் பெரிதாக வட்டமிடுங்கள். நடுவில் ஒரு ஃபில் (இடைவெளியை நிரப்பும் சிறு வாசிப்பு) விட்டுப்போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லோரும் நின்ற இடத்தில் நீங்கள் மட்டும் ஒலித்தால் அரங்கமே கவனிக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் வாசித்துப் பழகுங்கள். நான்காம் நாள் வரிசைப்படி, தவறினாலும் நிறுத்தாமல், முழுவதையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

கேள்வி: இணையவழி வகுப்பில் நீளமான நோட் வாசித்தால் அரை நொடியில் ஒலி தேய்ந்துபோகிறது.

பதில்: வீடியோ செயலியின் இரைச்சல் நீக்கி அதை மின்விசிறிச் சத்தமாக எடுத்துக்கொள்கிறது. இருபக்கமும் அதை அணையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாக நேரடியாகக் கொடுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், மடிக்கணினி ஸ்பீக்கரில் அடி நோட் வெளிவராது. இருவரும் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், தாமதம் விடாது. பின்னணி இசை மாணவர் பக்கமே ஓடட்டும். அவர் வாசிப்பும் அதுவும் ஒன்றாகக் கலந்து உங்களிடம் வந்தால் தாளத்தைச் சரியாக மதிப்பிடலாம்.

கேள்வி: இடது மணிக்கட்டு வலிக்கிறது. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் முறையை விட்டுவிடலாமா?

பதில்: கீழ்ப் பகுதியில் விட்டுவிடுங்கள். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவதுக்கு ஏறத்தாழ 13 செ.மீ.; ஏழிலிருந்து பத்துக்கு 9 செ.மீ.தான். கீழே சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றால் வாசித்துக் கையையே நகர்த்துங்கள். டபுள் பேஸ் வாசிப்பவர்களின் முறை அது. ஐந்தாம் ஃப்ரெட் தாண்டியதும் நான்கு விரலுக்கு மாறலாம். உட்கார்ந்தாலும் நின்றாலும் கருவி ஒரே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். விரல் மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆக்டிவ் பேஸில் (பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ள பேஸ்) 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது.

பதில்: பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் ஜாக்கில் கேபிள் செருகியதும் மின்சாரம் ஓடத் தொடங்கும், வால்யூமைக் குறைத்தாலும் நிற்காது. ஒலி மெலிந்து பிசிறடித்தால் பேட்டரி முடியப்போகிறது என்று அர்த்தம். பையில் ஒன்று உபரியாக இருக்கட்டும். வாசித்து முடித்ததும் ஆம்பை மியூட் செய்துவிட்டுக் கேபிளை உருவிவிடுங்கள்.