அல்லித் தொட்டியும் கோரைப் புல்லும்: பேரன் வருவதற்குள் என்ன செய்வது?

மதுரை திருநகரில் வீடு, தோட்டத்தில் இரண்டடி ஆழ அல்லித் தொட்டி, சுற்றிலும் கோரை, அடுத்த மாதம் ஒன்றரை வயதுப் பேரன் வருகிறான், அதற்குள் தொட்டியைப் பாதுகாப்பாக்கி கோரையை ஒழிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தொட்டியைப் பாருங்கள், கோரை காத்திருக்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு அரையடித் தண்ணீரே ஆபத்து. குப்புற விழுந்தால் எழத் தெரியாது, சத்தமும் பெரும்பாலும் கேட்காது. நைலான் வலை வேண்டவே வேண்டாம். பிள்ளை ஏறினால் தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து, இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து மூடி செய்யச் சொல்லுங்கள். வந்ததும் நடுவில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பாருங்கள். வலை தண்ணீரைத் தொடக்கூடாது. ஒரு பூட்டும் வேண்டும். அல்லிக்கு வெயில் கிடைக்கும், கவலை இல்லை. மூடி வரும்வரை தொட்டியைக் காலி செய்து, அல்லியை உயரத்தில் ஒரு வாளியில் வையுங்கள். மறுபடி நிரப்பியதும் நாலைந்து கப்பி மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும்.

சரி, கோரை. பிடுங்கினால் புல் மட்டும்தான் கையோடு வரும். அடியில் சுண்டைக்காய் அளவில் கறுப்புக் கிழங்குகள் நூல் கோர்த்த மாதிரி கிடக்கும்; உடைத்தால் வாசனை வரும். மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தால் முக்காலடி கிளறி, கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். எருக்குழியில் போடாதீர்கள், அங்கேயே முளைக்கும். தொட்டி ஓரம் களைக்கொல்லி அடிக்கக்கூடாது, மீனுக்கு ஆகாது. கோரைக்கு நிழல் ஆகாது என்பதால் அந்த இடத்தில் தட்டைப்பயறை நெருக்கி விதையுங்கள். அப்புறமும் முளைக்கும், வாரம் ஒருமுறை கிளறுங்கள்.