இங்கிலாந்துல வயசானவங்க பராமரிப்பு பத்தி சோஷியல் கேர் டிசர்டேஷன்: யுனிவர்சிட்டி எத்திக்ஸ் அப்ரூவல் கிடைச்சாச்சு, உள்ளூர் கவுன்சில்கிட்டயும் தனியா அப்ரூவல் வாங்கணுமா?

கவுன்சில் வழியா ஆள் பிடிக்கறதா இருந்தா வாங்கணும். யுனிவர்சிட்டி லெட்டரை அனுப்பினா "ரொம்ப சந்தோஷம், இப்ப எங்க ஃபார்மை ஃபில் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும், அதுவும் அந்த ஃபார்ம் யார்கிட்ட இருக்குன்னு நீங்க கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்.

கேள்வியில நீங்க "வயசானவங்க பராமரிப்பு"ன்னு மட்டும்தான் போட்டிருக்கீங்க, அதனால மாஸ்டர்ஸ், ஒரே கவுன்சில், குடும்பத்துக்காரங்ககிட்ட இன்டர்வியூன்னு நானா வெச்சுக்கறேன். நாலு கவுன்சில் அல்லது அதுக்கு மேல போறதா இருந்தா அடாஸ்னு அடல்ட் சோஷியல் சர்வீசஸ் டைரக்டர்களோட சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க ஆதரவும் கேக்கணும், குழந்தைகள் பக்கம்னா அதே மாதிரி ஏடிசிஎஸ்னு ஒரு சங்கம். நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்துல சட்டமே வேற, அங்க இருக்கறவங்க வந்து சண்டை போடாதீங்க.

என் கதை இது. லண்டன் ஓரமா ஒரு பரோ (லண்டன்ல ஒரு கவுன்சிலோட பகுதி), பேர் வேண்டாம், நான் சொல்லப் போற ஆளுங்க நிறைய பேர் அங்க இன்னும் வேலை பாக்கறாங்க. டிமென்ஷியா வந்த பெரியவங்களை வீட்டுல வெச்சுப் பாத்துக்கற தமிழ்க் குடும்பங்க, அதுலயும் கேர் ஆக்ட் 2014 படி கவுன்சில் பண்ற கேரர்ஸ் அசெஸ்மென்ட் (பாத்துக்கறவங்களுக்கு என்ன உதவி வேணும்னு பாக்கறது) முடிச்சவங்ககிட்ட பேசணும்னு இருந்தேன். "கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம்னு போய் ஆள் பிடிச்சிருந்தா கவுன்சிலே தேவையில்லையே"ன்னு யாராவது கேப்பீங்க. சரிதான், ஆள் பிடிக்கறது, டேட்டா, ஸ்டாஃப் எதுவுமே கவுன்சில் வழியா இல்லன்னா அவங்க பர்மிஷன் வேண்டாம். ஆனா அசெஸ்மென்டுக்கு அப்புறம் அந்த வீட்டுல என்ன மாறுச்சுங்கறதுதான் என் கேள்வியே, அந்த ஆளுங்க யார்னு கவுன்சிலுக்கு மட்டும்தான் தெரியும்.

பொது ஈமெயிலுக்கு எழுதினேன். இன்ஃபர்மேஷன் கவர்னன்ஸ் டீம்ல இருந்து டேட்டா ப்ரொடக்‌ஷன் இம்பேக்ட் அசெஸ்மென்ட் கேட்டாங்க, அதை அனுப்பினா கமிஷனிங்குக்கு, அதாவது கேர் சேவைகளை வெளியில இருந்து வாங்கற டீமுக்கு, தள்ளிவிட்டாங்க, கமிஷனிங்ல "ரிசர்ச் எல்லாம் நாங்க பாக்கறதில்ல"ன்னாங்க. கடைசில ஒரு டே சென்டர்ல வேலை பாத்த அக்காதான் சொன்னாங்க, "பிரின்சிபல் சோஷியல் வொர்க்கருக்கு எழுதுப்பா"ன்னு. கவுன்சில்ல சோஷியல் வொர்க் தரத்தைப் பாத்துக்கற மூத்தவர் அவர், அடல்ட்ஸ் பக்கம் ஒருத்தர், சில்ட்ரன்ஸ் பக்கம் ஒருத்தர் பொதுவா இருப்பாங்க. நீங்க முதல்லயே அங்க எழுதுங்க. பெரிய கவுன்சில்ல ரிசர்ச் கவர்னன்ஸ்னே தனி ஆள் இருக்கலாம், இருந்தா உங்க அதிர்ஷ்டம்.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஃபார்ம் சுத்தினதுல எனக்கு கோவம் இருந்துச்சு, ஆனா அந்த பிரின்சிபல் சோஷியல் வொர்க்கர் அம்மா கேட்ட கேள்வி எதையும் யுனிவர்சிட்டி கமிட்டி கேக்கவே இல்ல. யுனிவர்சிட்டி டெம்ப்ளேட்ல "நீங்கள் சொல்வது எல்லாம் ரகசியமாக இருக்கும்"னு ஒரு வரி இருக்கும். அவங்க கேட்டாங்க, "மாமியாரை ரூம்ல பூட்டிட்டுதான் வேலைக்குப் போறேன்னு ஒரு மருமக உங்ககிட்ட சொன்னா என்ன பண்ணுவீங்க?" அது சேஃப்கார்டிங் (கொடுமையில இருந்து பாதுகாக்கற) விஷயம், கேர் ஆக்ட் 42வது பிரிவுல கவுன்சில் விசாரிக்க வேண்டிய விஷயமா போகலாம், அப்ப ரகசியம்னு எழுதிக் கொடுத்தது பொய்யாயிடும். அந்த வரியை மாத்த வெச்சாங்க. அடுத்தது, "நீங்களும் அதே கோயிலுக்குப் போறவர்தானே, உங்ககிட்ட பேசறவங்க வெள்ளிக்கிழமை உங்களை அங்க பாத்தா எப்படி இருக்கும்?" உண்மையிலேயே எனக்குப் பதில் இல்ல, யோசிச்சு எழுத வேண்டியிருந்துச்சு.

இன்னும் சில: அட்ரஸ் லிஸ்ட் உங்க கைக்கு வரவே வராது. கவுன்சில் ஸ்டாஃபே லெட்டர் போடுவாங்க, விருப்பம் இருக்கறவங்க உங்களைக் கூப்பிடுவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி டைம் போடுங்க. டிபிஎஸ் (குற்றப் பின்னணி சரிபார்ப்பு) கேப்பாங்க. ரெக்கார்டிங் எங்க இருக்கும், எப்ப அழிப்பீங்கன்னு கேப்பாங்க. கவுன்சிலுக்கு இதனால என்ன லாபம்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு பக்கத்துல ரிப்போர்ட் தர்றேன்னு சொல்லுங்க, அப்படியே தந்துடுங்க.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. டிமென்ஷியா இருக்கறவங்ககிட்டயே பேசப் போறீங்க, அவங்களால கன்சென்ட் கொடுக்க முடியாத நிலைன்னா மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் 2005 வந்துடும், யுனிவர்சிட்டி கமிட்டி போதாது. ஹெல்த் ரிசர்ச் அத்தாரிட்டி கீழ இருக்கற கமிட்டிக்கு ஐராஸ்ங்கற ஆன்லைன் விண்ணப்பம் வழியா போகணும், சோஷியல் கேருக்குன்னே 2009ல ஆரம்பிச்ச கமிட்டி ஒண்ணு இருக்கு. வீட்டுல ஒருத்தர்கிட்ட கன்சல்டீன்னு கருத்து கேக்கணும். மகன் கையெழுத்து போட்டா போதும்னு நம்ம ஊர் பழக்கத்துல நினைக்காதீங்க. அவர் போடற கையெழுத்து சம்மதம் இல்ல, அப்பா நல்லா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாரான்னு அவர் சொல்ற அபிப்ராயம். மாஸ்டர்ஸுக்குள்ள இதெல்லாம் முடியாதுன்னு நான் பராமரிக்கறவங்களோட நிறுத்திக்கிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் உறுத்துது. கவுன்சில்ல என் ஃபார்மைப் பாத்த பேனல்ல வேற ஒருத்தர், "இன்டர்ப்ரெட்டர் இல்லாம நீங்களே தமிழ்ல பேசினா அவங்க என்ன சொன்னாங்கன்னு நாங்க எப்படி சரிபாக்கறது?"ன்னாரு. இங்கிலீஷ்ல இன்டர்வியூ எடுத்த கிளாஸ்மேட் யாரையும் இப்படிக் கேக்கல. இனவெறின்னு நான் சொல்ல வரல, யாரும் அப்படி எடுத்துக்க வேண்டாம், ஆனா தமிழ் தெரிஞ்சதாலதான் அந்த வீட்டுக் கதவே திறந்துச்சு. சில டிரான்ஸ்கிரிப்டை பேர் எடுத்துட்டு வேற ஒரு தமிழ் ஆள்கிட்ட கொடுத்து சரிபாக்கறேன்னு எழுதினேன், ஒத்துக்கிட்டாங்க. (அந்த வீடுகள்ல என்ன சொன்னாங்கன்னு கேக்காதீங்க, கன்சென்ட் வாங்கினது டிசர்டேஷனுக்கு மட்டும்தான்.)

ஃபார்ம்ல இன்னொரு கட்டம், "எங்க ஸ்டாஃபோட நேரம் எத்தனை மணி செலவாகும்?" அதைப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. படிக்கும்போது சாயங்காலம் ஒரு ஏஜென்சில கேர் வொர்க்கரா போனேன், கவுன்சில் காசு கொடுத்து அனுப்பற வேலைதான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல பஸ்ல போற நேரம் சம்பளக் கணக்குல வராது. மினிமம் வேஜ் கணக்குல அதைச் சேக்கணும்னுதான் சட்டம், கேட்டா அடுத்த வாரம் ஷிஃப்ட் குறையும். 2024 மார்ச் 11ல இருந்து கேர் வொர்க்கர் விசாவுக்குப் புதுசா விண்ணப்பிக்கறவங்க புருஷன், பொண்டாட்டி, புள்ளைங்களைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னாங்க, 2025 ஜூலையில வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. இதுக்கெல்லாம் எந்த எத்திக்ஸ் ஃபார்மும் கிடையாது, நான் ஒரு மணி நேரம் பேசறதுக்கு இத்தனை பக்கம். கேள்விக்கு சம்பந்தமில்லதான், தெரியும்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். யுனிவர்சிட்டி ஃபார்ம் போடும்போதே பிரின்சிபல் சோஷியல் வொர்க்கருக்கும் ஒரு ஈமெயில் போட்டுடுங்க, அப்ரூவல் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏற்கனவே வாங்கிட்டதால உங்களுக்கு ஒரு வேலை கூடும்: கவுன்சில் இன்ஃபர்மேஷன் ஷீட்டை மாத்தச் சொன்னா மாத்தினதை திரும்ப யுனிவர்சிட்டிக்கு அமெண்ட்மென்ட்டா அனுப்பி ஓகே வாங்கணும், அதுக்கு முன்னாடி யாரையும் இன்டர்வியூ எடுத்துடாதீங்க. ஆகஸ்ட்ல அனுப்பாதீங்க, பாதி பேர் லீவுல இருப்பாங்க.