ஆஸ்டின் கேப்பிட்டல்: முதலில் சுவரைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா, அம்மா ஊரிலிருந்து ஆஸ்டினுக்கு வந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு முழங்கால் வலி. டெக்சாஸ் கேப்பிட்டலை (மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை)ச் சுற்றிக் காட்ட அரை நாள்தான் இருக்கிறது. பணம் கட்டி வழிகாட்டி வைக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

பதில்: பணம் வேண்டாம். நுழைவு இலவசம், உள்ளே அவர்களே நடத்தும் வழிகாட்டிச் சுற்றும் இலவசம். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. மாடிகளுக்கு லிஃப்ட் இருப்பதால் அம்மா தைரியமாக வரலாம். வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள், ஏனென்றால் முதல் அரை மணி நேரம் வெளியில்தான் நிற்கப்போகிறீர்கள்.

தெற்கு வாசல் பக்கம் போனதும் அப்பாவைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருங்கல் கோயில்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தச் செம்மை கலந்த கிரானைட் உடனே கண்ணில் படும். இந்தக் கட்டடத்தின் வரலாறே அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

பழைய கேப்பிட்டல் 1881 நவம்பரில் தீயில் எரிந்துபோனது. புதியது கட்ட அரசிடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. மாநிலத்தின் வடகோடியில் சுமார் 30 லட்சம் ஏக்கரை ஒப்பந்தக்காரர்களுக்குக் கூலியாகக் கொடுத்தார்கள். அதுதான் பிறகு எக்ஸ்ஐடி என்ற பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணை ஆனது.

முதலில் பக்கத்திலேயே கிடைத்த சுண்ணாம்புக்கல்லில் கட்டுவதாகத்தான் திட்டம். ஆனால் அதில் இரும்புச் சத்து கலந்திருந்ததால் காற்றுபட்டதும் துருக்கறை படிந்தது. அப்போது மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊர் அருகே கிரானைட் மலை வைத்திருந்தவர்கள் கல்லை இலவசமாகவே தந்தார்கள். ஆனால் வெட்டுவது யார்? ஒப்பந்தக்காரர்கள் சிறைக் கைதிகளை வேலைக்கு இறக்கினார்கள். கல்தச்சர் சங்கம் இதை எதிர்த்து வேலையைப் புறக்கணித்தது. உடனே 1886இல் ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் வரவழைப்பதைத் தடுத்த சட்டத்தை மீறியதற்காகப் பின்னர் அபராதமும் கட்ட வேண்டியிருந்தது. 1888இல் கட்டடம் திறக்கப்பட்டது. அந்தச் சுவரில் கைதிகளின் உழைப்பு இருக்கிறது என்பதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். எனக்கு இங்கே மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

அப்புறம் உள்ளே போங்கள். முன்மண்டபத்தில் டெக்சாஸ் உருவாக முன்நின்ற தலைவர்களான சாம் ஹூஸ்டன், ஸ்டீபன் ஆஸ்டின் இருவரின் சிலைகளும் உள்ளன, இரண்டும் எலிசபெட் நே என்ற பெண் சிற்பி செதுக்கியவை. அதைத் தாண்டினால் குவிமாடத்தின் அடி. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு சின்ன நட்சத்திரம் தெரியும். அதன் உண்மையான அகலம் 8 அடி. காலடியில் இருக்கும் தரைச் சின்னங்கள் டெக்சாஸ் விடுதலையின் நூற்றாண்டு விழாவுக்காக 1936இல் பதித்தவை: டெக்சாஸ் தனி நாடாக இருந்தபோதைய டெக்சாஸ் குடியரசு நடுவில், சுற்றிலும் ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, உள்நாட்டுப் போரின்போது அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்கா. இந்த மண்ணை ஆண்ட ஆறு அரசுகளையும் ஒரே இடத்தில் காட்டிவிடலாம். சுற்றுச்சுவரில் ஆளுநர்களின் ஓவியங்கள். ஒருவர் பதவி முடிந்து அவர் படம் ஏறும்போது மற்ற எல்லாப் படங்களும் ஓரிடம் நகரும்.

சட்டமன்றக் கூடங்கள் இரண்டாம் மாடியில். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி முதல் 140 நாள்கள் கூட்டத்தொடர் நடக்கும். அப்போது கூட்டம் அதிகம், ஆனால் மூன்றாம் மாடிப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதத்தை நேரில் கேட்கலாம். வரலாற்று ஆசிரியருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மற்ற நாள்களில் நிதானமாகப் பார்க்கலாம்.

அம்மா களைத்துவிட்டால், தரைக்கு அடியில் 1993இல் முடித்த விரிவாக்கத்துக்கு லிஃப்டில் இறங்குங்கள். அங்கே உணவகம் இருக்கிறது. அவர் அங்கே இளைப்பாறட்டும். அதற்குள் அப்பாவைத் தெற்குப் புல்வெளிக்கு அழைத்துப் போய், 2016இல் வைத்த ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று நினைவுச்சின்னத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.